பெயரை மட்டும் எடுத்துவிட வேண்டாம்

சாத்தூரில் எங்கள் தெருவில் வீரபெருமாள் என்று ஒருவர் இருந்தார், தாலுகா அலுவலகத்தில் தட்டச்சர், நாற்பத்தாறு வயது, சண்முகத்தாய் என்ற மனைவியும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மதுரவல்லி என்ற மகளும் உண்டு, ஆனால் எங்களுக்கு அவர் தட்டச்சர் இல்லை, இழுத்து மூடிய ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து தள்ளுவண்டியில் ஏற்றிவந்த ஐந்து பழைய கம்ப்யூட்டர்களைத் தன் வீட்டு மாடியறையில் உயிரோடு வைத்திருந்த மனிதர். இனிமேல் இவை எதற்கும் ஆகாது என்று கடைக்காரர்கள் கைவிரித்த பெட்டிகளைத் திறந்து, தூசி ஊதி, ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாற்றி, லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, தமிழ் எழுத்து வரவைத்து, ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக் கதவைத் திறந்துவைப்பார், நாங்கள் செருப்பைப் படியில் விட்டுவிட்டு ஏறிப்போய் விளையாடுவோம். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வருவார்கள், பஸ் கண்டக்டர் வருவார், சேவுக்கடை தங்கமாரி எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவாள். எவ்வளவு தரவேண்டும் என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "இது கட்டற்ற மென்பொருள். யாரோ முகம் தெரியாத ஆளுக உக்காந்து எழுதி, எடுத்துக்கோன்னு வச்சுட்டுப் போயிருக்காங்க. இதுக்குப் போய் காசு வாங்கலாமா?" என்பார், அப்படிச் சொல்லும்போது அவர் முகம் கோயிலில் விபூதி வாங்குகிறவர் முகம் மாதிரி இருக்கும், அதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அந்த மாடியறைக்கு ஒரு வருஷம் சித்திரையில் 'மடை' என்ற விளையாட்டு வந்தது. மேலே ஒரு கண்மாய், கீழே ஏழு வயல்கள், தண்ணீர் இறங்கி வரும்போது மடையைத் திறந்து மூடி ஏழு வயலுக்கும் பங்கு போகச் செய்ய வேண்டும், கடைசி வயல் காய்ந்தால் தோற்றோம். இவ்வளவுதான் விளையாட்டு, ஆனால் ஒருமுறை உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். அதைவிட அதிசயம், அதற்கு ஒரே ஒரு பொத்தான் போதும், அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடும், எழுத்தே தெரியாத தங்கமாரிகூட முதல் நாளே நாலு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டாள். யாருக்கு வரும் இந்த மூளை என்று நாங்கள் வியந்தோமே தவிர, இதை யார் செய்தார்கள் என்று எங்களில் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை. அது எங்கள் தப்பு. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்கிறோம்.

செய்தவர் பெயர் உள்ளேயே இருந்தது. விளையாட்டை இயக்கும் எழுத்துகளை நிரல் என்பார் வீரபெருமாள், அந்த நிரலின் தலைப்பில் மூன்று வரிகள் இருந்ததாக அவரே பிறகு எங்களிடம் சொன்னார். இதை எழுதியது இசக்கியம்மாள், வள்ளியூர், ரயில்வே கேட்டுக்குத் தெற்கே என்பது முதல் வரி. என் அக்கா சொர்ணத்துக்கு ஒரு விரல்தான் அசையும், அதனால் ஒரே பொத்தான் என்பது இரண்டாவது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், என் பெயரை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்பது மூன்றாவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரவல்லியின் வகுப்பு டீச்சர் மாடிக்கு வந்து விளையாடிவிட்டு, "இதை நீங்களா சார் செஞ்சீங்க?" என்று கேட்டார். வீரபெருமாள் வாயைத் திறப்பதற்குள் மதுரவல்லி, "ஆமா டீச்சர், எங்கப்பாதான்!" என்றாள், சொல்லிவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வையைக் கலைக்க அவருக்கு மனசு வரவில்லை. சும்மா இருந்துவிட்டார். அன்றைக்கு அவர் செய்தது அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை, ஆபீஸுக்குக் கிளம்பும் முன், நிரலைத் திறந்து, கோணலாக நின்ற சில தமிழ் எழுத்துகளைச் சரிசெய்ததும் தான்தான், தண்ணீர் அதிகமானால் கத்தும் தவளையைச் சேர்த்ததும் தான்தான், ஆக இதில் தன் உழைப்பும் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்த மூன்று வரியையும் அழித்து, 'ஆக்கம்: வீரபெருமாள், சாத்தூர்' என்று அடித்தார். தட்டச்சரின் கை, ஆறவைத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

ஊரெல்லாம் பரவியது மடை. சிவகாசிக்குப் போனது, திருப்பூருக்குப் போனது, எங்கள் ஊர்ப் பையன்கள் துபாய்க்குக்கூட அனுப்பினார்கள், எல்லாவற்றிலும் வீரபெருமாள் பெயர் போனது. ஆவணி மாதம் நூலக வாசகர் வட்டத்தார் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். நூலகர் ஞானசெல்வம் தன் கையாலேயே எழுதிய தாளைப் பார்த்து, "அடுத்ததாக, மடை விளையாட்டை நமக்குத் தந்த நம் ஊர்க்காரர், திரு. இசக்கியம்மாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்று வாசித்தார்.

நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். வீரபெருமாள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த கண்டக்டர் அவர் தொடையில் தட்டி, "எந்திரிங்க இசக்கியம்மாள் அண்ணாச்சி, உங்களைத்தான்" என்றார், சொன்ன பிறகுதான் தான் சொன்னது வேறு பெயர் என்று கண்டக்டருக்கே தெரிந்தது, திருத்திச் சொல்லப் பார்த்தார், திரும்பவும் இசக்கியம்மாள் என்றே வந்தது. பின்வரிசையிலிருந்து நாங்களும் சொல்லிப் பார்த்தோம். பழைய பெயர் எங்கள் எல்லோருக்கும் நினைவில் நன்றாக இருந்தது, நாக்குக்கு மட்டும் வரவில்லை. அவர் மேடையேறிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு, மைக் முன்னால் நின்று, "நான்..." என்று தொடங்கி, "நான் இசக்கியம்மாள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அடக்கமான மனுஷன் என்று பேசிக்கொண்டே நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

ஒரு வாரம் இதைப் பற்றிப் பேசினோம், இரண்டாவது வாரம் பழகிவிட்டது. தாலுகா அலுவலகத்தில் அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் இசக்கியம்மாள் என்று விழுந்தது, இதற்கு முறைப்படி பெயர் மாற்றம் அறிவிப்பு வரவேண்டுமே என்று தலைமை எழுத்தர் கட்டுகளைப் புரட்டினார், அறிவிப்பு ஏற்கெனவே வந்து முத்திரையோடு அந்தக் கோப்புக் கட்டுக்குள்ளேயே இருந்தது, அத்தோடு அவர் வாயை மூடிக்கொண்டார். ரேஷன் கார்டில் மாறியது, கேஸ் புத்தகத்தில் மாறியது, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் 'திரு. இசக்கியம்மாள் - சண்முகத்தாய் குடும்பத்தார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அர்ச்சனைக்கு நின்றபோது குருக்கள் பெயர் நட்சத்திரம் கேட்க, சண்முகத்தாய் கண்ணை மூடிக்கொண்டு, "இசக்கியம்மாள், உத்திராடம்" என்றாள், குருக்கள் அம்மனையும் பார்த்து இவரையும் பார்த்து, தெய்வத்தின் பெயர்தானே என்று தட்டில் இரண்டு பூ அதிகமாகவே வைத்தார். ஆம்பளைக்குப் பொம்பளைப் பெயர் கிண்டல் ஆகிவிடுமோ என்று எங்களில் சிலர் பயந்தோம், அப்படி எதுவும் நடக்கவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெண்கள் வரிசையில் நிற்கச் சொன்னபோது, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் நகர்ந்து இடம் விட்டு, ஐந்தாவது வயலுக்குத் தண்ணீர் நிற்கமாட்டேன் என்கிறதே அண்ணாச்சி, என்ன செய்ய என்று ஓட்டுப் போடும்வரை அவரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னார். முன்னெல்லாம் மடை பற்றிக் கேட்டால் கால்விரல் நுனியில் நின்று பேசுகிறவர், இப்போது ஏன் இப்படி ஆகிவிட்டார் என்று எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் அன்பாகத்தான் கூப்பிட்டோம். ஒவ்வொரு தடவையும் அது அவருக்குச் சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்திருக்கிறது.

யாரும் கூப்பிடாத நேரம் பார்த்து அவர் அந்த மூன்று வரிகளையும் நிரலில் திரும்ப எழுதினார், யாரிடமும் சொல்லாமல், மாடியறையின் ஐந்து பெட்டிகளிலும். ஒன்றும் நடக்கவில்லை. பால்காரர் அடுத்த நாள் காலையிலும், "இசக்கியம்மாள் அண்ணாச்சி, பாலு!" என்றுதான் குரல் கொடுத்தார்.

தை பிறந்ததும் அரையாண்டு மதிப்பெண் அட்டை வந்தது. வீ. மதுரவல்லி என்று இருந்த இடத்தில் இ. மதுரவல்லி என்று இருந்தது. கையெழுத்து வாங்க வந்த மகள், "அப்பா, உனக்கு எப்படி இந்தப் பேரு வந்துச்சுன்னு டீச்சர் கேட்டாங்க. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியையும் விட்டுவிட்டார். "நம்ம குலசாமி பேரும்மா. சாமி குடுத்த பேரு" என்றார்.

அவள் அதை அப்படியே வகுப்பில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள், எல்லோரும் கை தட்டினார்களாம், சாயங்காலம் ஓடிவந்து அப்பாவிடம் அதைச் சொன்னாள். முதல் தடவை பொய் சொன்னது மகள், தெரியாமல் சொன்னாள், இந்தத் தடவை பொய்யைக் கையில் கொடுத்து அனுப்பியது நான் என்று அவருக்கு உறைத்தது அப்போதுதான். மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு வள்ளியூருக்குப் பஸ் ஏறினார்.

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரம்மாவிடம், "இசக்கியம்மாள் வீடு எதும்மா?" என்று கேட்டார். அவரை முன்பின் பார்த்திராத அந்த அம்மா நிமிர்ந்து, "அது நீங்கதானே" என்றாள். பெட்டிக்கடையில் கேட்டார், "விளையாடுதீங்களா? உங்க பேரைச் சொல்லி உங்க வீட்டையே கேக்குதீங்க" என்றான் கடைக்காரன். காது மடல் சுட, ரயில்வே கேட்டைத் தாண்டித் தெற்கே நடந்தார். படுத்த படுக்கையான அக்காவுக்காகக் கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்த அம்மா என்று கேட்டுப் பார்த்தார். "ஓ, அந்தப் பேரில்லாத அம்மாவா" என்று ஒருவர் ஒரு சந்தின் பக்கம் கையைக் காட்டினார்.

சந்து முனைச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இருந்தது, பனியில் நனைந்து ஓரம் பிரிந்திருந்தது. சொர்ணம், வயது அறுபத்து மூன்று, மார்கழி ஒன்பது. கீழே 'கண்ணீருடன், அன்புத் தங்கை' என்று போட்டு, அதற்கு அடுத்து, ஒரு பெயர் உட்காரும் அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருந்தது. வீரபெருமாள் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாராம். அதைச் சொல்லும்போதுதான் அவர் எங்களிடம் முதல்முதலாக அழுதார்.

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அந்த அம்மாள் வாசலில் புளி உருட்டிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, யாரைத் தேடுதீங்க?"

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், மூன்று வரியை, டீச்சரை, மகளை, தவளையை, பொன்னாடையை. அந்த அம்மாள் புளி உருண்டையைத் தட்டில் வைத்தார்.

"அப்போ நீங்கதான் எடுத்ததா? ஆவணி மாசம் திடீர்னு ஒருநாள் காலையில பால்காரி என்னைக் கூப்பிட வாயெடுத்தா, ஒண்ணும் வரல. நானும் சொல்லிப் பார்த்தேன், எனக்கும் வரல. கார்டுல இல்ல, பாஸ்புக்குல இல்ல, இருந்த இடம் வெள்ளையா இருக்கு. தெருவுல எல்லாம் நல்லவங்கதான், ஏ இந்தாங்க, கேட்டு வீட்டம்மான்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டாங்க. எனக்கும் பழகிருச்சு. அக்காவுக்குத்தான் பழகல." வாசலுக்குள் சுருட்டி நிறுத்தியிருந்த பாயைத் திரும்பிப் பார்த்தார். "அவ என்னைவிட அஞ்சு வயசு மூத்தவ. அம்மா போனப்புறம் அவதான் என்னை வளத்தா. கடைசி நாலு நாளும் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடப் பாத்தா. வாயத் தொறப்பா, காத்துதான் வரும். அந்த ஒத்த விரலால பாயைத் தட்டுவா. நான் இங்கதான் இருக்கேன்க்கான்னு சொல்லுவேன். அதுக்கில்லன்னு தலைய ஆட்டுவா. தட்டித் தட்டித்தான் போனா."

வீரபெருமாள் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாயில் மன்னிப்பு என்ற சொல் வந்தது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழுங்கினார்.

"உங்க பேரு இப்போ என்ன?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இசக்கியம்மாள்."

அந்த அம்மாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "இன்னொரு தரம் சொல்லுங்க."

"இசக்கியம்மாள்."

சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் உதடும் கூடவே அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு தன் பெயரை அவர் காதால் கேட்கிறார், அதுவும் எடுத்தவன் வாயால், எடுத்தவனின் பெயராக. எத்தனை தடவை சொல்லச் சொன்னார் என்பதை வீரபெருமாள் எங்களிடம் சொல்லவில்லை. கடைசியில், "என்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க தம்பி, கேட்டாலும் குடுக்கிறதுக்கு இல்ல. உங்க ஊருல போயி, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. உங்க புள்ளையும் இருக்கணும்" என்றார். அவர் எழுந்து தெருமுனை திரும்பும்வரை அந்த அம்மாள் புளியைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வழக்கம்போல் நாங்கள் மாடிக்குப் போனபோது ஐந்து பெட்டிகளும் அணைந்திருந்தன. எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லிவிட்டு, மதுரவல்லியைக் கீழிருந்து கூப்பிட்டு, நாங்கள் இதுவரை உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவர் அன்றுதான் எங்களுக்குச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை, பாய் தட்டிய விரல்வரைக்கும் சொன்னார். சேவுக்கடை தங்கமாரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அதுக்கென்ன அண்ணாச்சி, நீங்க கொண்டுவந்து போட்டீங்க, அதான நாங்க விளையாடினோம். விடுங்க."

நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். அவர்மேல் உள்ள பிரியத்தில் சொன்னோம் என்றுதான் அப்போது நினைத்தோம். விடாவிட்டால் அடுத்து எங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்ற பயமும் அதில் இருந்தது.

"விடாதீங்க" என்றார் அவர். "தயவுசெஞ்சு விடாதீங்க."

மதுரவல்லி எழுந்தாள். அப்பாவைப் பார்க்காமல், எங்களையும் பார்க்காமல், "அப்போ நான் வகுப்புல சொன்னது பொய்யா?" என்று கேட்டாள். அவர், "ஆமாம்மா" என்றார். அவள் படியிறங்கிப் போகும் சத்தத்தை நாங்கள் எல்லோரும் கடைசிப் படிவரை கேட்டோம். மறுநாள் அவளே வகுப்பில் எழுந்து நின்று, நேற்றுவரை நான் சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கிறாள். அன்று யாரும் கை தட்டவில்லையாம்.

நாங்கள் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, யார் யாருக்கு மடையை அனுப்பினோமோ அவர்களுக்கெல்லாம் போன் போட்டோம். கண்டக்டர் துபாயில் இருக்கும் மச்சினனுக்குச் சொன்னார், தங்கமாரி திருப்பூரில் இருக்கும் கொழுந்தன் மகளுக்குச் சொன்னாள், "அந்த விளையாட்டுல பேரு தப்பா இருக்கு, எழுதிக்கோ, செஞ்சது வள்ளியூர் இசக்கியம்மாள், அவங்க அக்கா சொர்ணத்துக்காகச் செஞ்சது" என்று ஆளாளுக்குச் சொன்னோம், கூட்டமாகச் சொன்னதில் அறை ஒரு சந்தை மாதிரி இரைந்தது. அத்தனை வாய் அந்தப் பெயரைச் சொல்லியும் வீரபெருமாள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெயர் அவரை விட்டுப் போய்விட்டிருந்தது.

ஆனால் பழைய பெயரும் வரவில்லை. தாலுகா அலுவலகத்துப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட்ட இடம் வெள்ளையாகவே இருந்தது, பால்காரர் கதவைத் தட்டிவிட்டு நின்றார், மதுரவல்லியின் நோட்டில் பெயருக்கு முன்னால் புள்ளி மட்டும் இருந்தது. நாங்கள் அவரை ஏங்க, இந்தாங்க என்று கூப்பிட்டோம், அதற்கும் பழகிக்கொண்டோம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை முறையிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் திறந்துவைத்து, யாராவது மடை விளையாட உட்கார்ந்தால் முதலில் அந்த மூன்று வரியைத் திரையில் காட்டி, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் விளையாட விட்டார். மகள் அவரோடு பேசத் தொடங்க மாசி பாதி ஆகிவிட்டது.

பங்குனியில் ஒரு ஞாயிறு, நல்ல வெயிலில், ஒரு அம்மாள் கையில் மஞ்சள் பையோடு படியேறி வந்தார். தங்கமாரி, "நீங்க யாரும்மா?" என்றாள். அந்த அம்மாள் மூச்சு வாங்கிவிட்டு, "நான் இசக்கியம்மாள். வள்ளியூர்" என்றார், முழுசாக, நிறுத்தி நிறுத்தி. விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

அவர் ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் நீட்டி விளையாடினார். தண்ணீர் அதிகமாகித் தவளை கத்தியபோது விரலை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். "இது நான் போடல. நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு சுவரோரம் நின்ற மனிதரைப் பார்த்தார். "தம்பி, அன்னைக்கு உங்க சொந்தப் பேரைக் கேக்கவே இல்ல. உங்க பேரு என்ன?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"வீரபெருமாள்" என்று வந்தது.

தன் பெயர் தன் வாயிலிருந்து வந்ததற்கு அவர் சந்தோஷப்படவில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் தன் பொருளையும் யாரோ கையில் வைத்தது மாதிரி, வாங்குவதா வேண்டாமா என்று நின்றார். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். "வீரபெருமாள், கொஞ்சம் தண்ணி கொண்டாங்க. வெயிலு ரொம்பக் கடுமை" என்றார், யாரையும் கூப்பிடுகிற மாதிரி.

அவர் கீழே ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார், ஓடிய வேகத்தில் பாதி படியிலேயே சிந்திவிட்டது, மீதி இருந்ததை அந்த அம்மாள் குடித்தார். அவர் பெயர் திரும்பிவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், எங்கள் காதாலேயே கேட்டோம், சொல்லிப் பார்த்தால் நாக்குக்கும் வந்திருக்கும். ஆனாலும் அன்றைக்கு முழுக்க, அந்த அம்மாளுக்கு முன்னால், அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அது மட்டும் எந்த மாயத்தாலும் இல்லை.